இழுத்துட்டான்!

குதிரைப் பந்தயத் திடல் ஒன்றில் 17 ஆண்டுகள் வேலை பார்த்தேன். தென்னிந்தியாவில் ஓர் ஊர், அவ்வளவு போதும். முதல் ஆறு ஆண்டுகள் பந்தயப் பணம் வாங்கும் டோட் கவுண்டரில் டிக்கெட் போட்டேன். அப்புறம் ஜாக்கிகளை, அதாவது குதிரை ஓட்டுபவர்களை, எடை பார்க்கும் அறையில் உதவியாளர் வேலை. இரண்டு இடத்துக்கும் நடுவே நூறு அடிகூட இருக்காது. ஆனால் கவுண்டரில் இருந்தபோது நான் நம்பிய பலவற்றை எடை அறைக்குப் போன பிறகு நம்ப முடியவில்லை.

பந்தயத் திடலுக்குப் போனவர்களுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்கும்: "இழுத்துட்டான்!" எல்லாரும் பணம் கட்டிய ஃபேவரிட் குதிரை நாலாவதாக வந்தால் மலிவு டிக்கெட் பகுதியிலிருந்து இந்தக் கூச்சல்தான் முதலில் கிளம்பும். ஜாக்கி காசு வாங்கிக்கொண்டு லகானை இழுத்துப் பிடித்துவிட்டான் என்று பொருள். கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். தோற்றவர்கள் முகத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறவனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

எடை அறைக்கு மாறிய முதல் மழைக்காலத்தில் ஒரு பந்தயம். கடைசி வளைவு வரை முன்னால் வந்த குதிரை நேர் ஓட்டத்தில் பின்தங்கிவிட்டது. வழக்கமான கூச்சல், இரண்டு மூன்று தண்ணீர் பாட்டில்கள்கூட உள்ளே வந்து விழுந்தன. ஜாக்கி சேணத்தைக் கழற்றித் தூக்கிக்கொண்டு எடை போட வந்தார். உதடு கிழிந்து ரத்தம் மோவாய் வரை வழிந்திருந்தது. வளைவில் வயிற்றுவார் நெகிழ்ந்து சேணம் பின்பக்கம் சரிந்துவிட்டது. பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு, கிட்டத்தட்ட கழுத்தின் மேலேயே படுத்தபடி மிச்ச தூரத்தைக் கடந்திருக்கிறார். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் ஒன்பது குதிரைகள் வரும்போது. விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. பந்தயம் நடக்கும்போது பக்கத்துச் சாலையில் ஆம்புலன்ஸ் கூடவே ஓடுவது சும்மா இல்லை. வீடியோவைப் பார்த்த ஸ்டூவர்ட்கள், அதாவது பந்தய நடுவர்கள், அவர்மேல் தவறில்லை என்று பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். ஆனால் வெளியே நின்ற ஆயிரம் பேருக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கு அவர் இன்றைக்கும் திருடன்தான்.

1956-இல் இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் நடந்ததை எங்கள் மூத்த எழுத்தர் அடிக்கடி சொல்வார். ராஜமாதாவின் குதிரை டெவன் லாக். ஜாக்கி டிக் பிரான்சிஸ். தடைகளையெல்லாம் தாண்டிவிட்டு, தெளிவாக முன்னிலையில், எல்லைக்குக் கொஞ்ச தூரமே இருக்கும்போது குதிரை திடீரென்று கால் பரப்பி வயிற்றின் மேல் விழுந்தது. ஈஎஸ்பி என்ற குதிரை தாண்டிப் போய் ஜெயித்தது. டெவன் லாக் ஏன் விழுந்தது என்று இன்றுவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அது எங்கள் திடலில் நடந்திருந்தால் அந்த ஜாக்கி வீட்டுக்குப் பத்திரமாகப் போயிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

அதற்காகத் திருட்டே நடப்பதில்லை என்று சொல்லமாட்டேன். நடக்கிறது. ஜாக்கி, சேணம் எல்லாம் சேர்த்துக் குதிரை சுமக்க வேண்டிய எடையை முன்பே எழுதி வைப்பார்கள். நல்ல குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை என்பதுதான் ஹேண்டிகேப் பந்தயத்தின் அடிப்படை. குதிரை இரண்டு மூன்று முறை மோசமாக ஓடினால் அதன் மதிப்பீடு இறங்கும், அடுத்த முறை இலேசான எடையோடு ஓடலாம், அது ஜெயித்தால் கட்டிய பணத்துக்குக் கிடைக்கும் மடங்கும் ஏறியிருக்கும். அன்றைக்குப் பணத்தைக் கொட்டினால் லாபம். இந்தக் கணக்கைப் போடுவதற்குப் பல வாரப் பொறுமையும் கையில் பெரிய தொகையும் வேண்டும். குதிரைமேல் உட்கார்ந்திருக்கிற பையனிடம் இரண்டும் கிடையாது. ஜாக்கி பந்தயம் கட்டவே கூடாது என்பது விதி. எங்கள் திடலில் பந்தய நாளன்று கைப்பேசியைக்கூட ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஆனால் குதிரையின் முதலாளிக்கு அந்தத் தடை இல்லை.

ஒரு பயிற்சி ஜாக்கி இருந்தான். அப்பா லாயத்தில் சைஸ், அதாவது குதிரை பராமரிப்பவர். பையன் எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு லாயத்துக்கு வந்தவன். ஒரு நாள் அவன் ஏறிய குதிரை கடைசி இருநூறு மீட்டரில் முடுக்கப்படவே இல்லை. கேமராவில் அப்பட்டமாகத் தெரிந்தது: கை அசையவில்லை, சாட்டை எழவில்லை, குதிரை மூச்சு வாங்காமல் மூன்றாவதாக வந்து நின்றது. விசாரணையில் டிரெய்னர், "முழுத் திறமையோடு ஓட்டச் சொல்லித்தான் அனுப்பினேன்" என்றார். பையன் வாயே திறக்கவில்லை. அவனுக்குச் சில மாதங்கள் தடை. டிரெய்னர் வெளியே வந்து டீ குடித்தார்.

அன்று மாலை தாழ்வாரத்தில் அவனைப் பிடித்துக் கேட்டேன், ஏன்டா உண்மையைச் சொல்லவில்லை என்று.

"சொல்லிட்டு எங்கண்ணே போறது? நாளைக்கு எவன் எனக்குக் குதிரை குடுப்பான்? அப்பா வேலையும் அவங்ககிட்டதான்."

எனக்குப் பதில் இல்லை. நேர்மையான ஓட்டம் வேண்டுமென்றால் முதலில் அவனுக்குப் பதில் சொல்லும் ஓர் ஏற்பாடு வேண்டும் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். சவாரி கிடைத்தால்தான் ஜாக்கிக்குக் காசு. அதைக் கொடுப்பவரை எதிர்த்து அவரை வைத்துக்கொண்டே சாட்சி சொல் என்றால் யார் சொல்வார்கள்? ஜாக்கியைத் தனியாக விசாரிக்க வேண்டும். அன்றைக்கு அந்தக் குதிரைக்கு எதிராக யார் பெரிய தொகை கட்டினார்கள் என்பதையும் கூடவே எடுத்துப் பார்க்க வேண்டும். தண்டனை வந்தால் சவாரி செய்தவனோடு நிற்காமல் சொல்லி அனுப்பியவர் வரைக்கும் போக வேண்டும்.

பந்தயம் கட்டுகிறவர்களைப் பற்றியும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அவர்கள் பணம் பெரும்பாலும் திருடர்களிடம் போகவில்லை. டோட்டில் எல்லாருடைய பணமும் ஒரே தொகுப்பில் சேரும். அதிலிருந்து வரியும் பந்தயம் நடத்தும் கிளப்பின் கழிவும் எடுத்தது போக மிச்சத்தைத்தான் ஜெயித்தவர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஓட்டம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் திடலில் நிற்கும் கூட்டம் மொத்தமாகத் தோற்றே தீரும். 2017-இல் ஜிஎஸ்டி 28 சதவீதமாக வந்தது, 2025 செப்டம்பரில் 40 ஆனது. 28 வந்த பிறகு என் பழைய கவுண்டரில் வரிசை பாதியாகிவிட்டது. ஆனால் அதே முகங்கள் கம்பியோரம் நின்றுகொண்டுதான் இருந்தன. ரசீது தராத, வரியும் கட்டாத ஆளிடம் கட்டத் தொடங்கியிருந்தார்கள். அங்கே ஏமாந்தால் கேட்க நாதி இல்லை.

தமிழ்நாட்டில் 1974-இலேயே குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். வழக்கு நீண்டு, 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இது பெரும்பாலும் திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் கைத்திறன் எல்லாவற்றையும் நேரில் பார்த்தவன் என்ற முறையில் தீர்ப்பை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் திறமை கம்பிக்கு உள்ளே இருப்பது. வெளியே கையில் கசங்கிய டிப்ஸ் தாளோடு, வாடகைப் பணத்தோடு நிற்கும் ஆட்டோக்கார அண்ணனுக்கு அதில் எவ்வளவு பங்கு? ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னிடம், "தம்பி, இன்னைக்கு எது?" என்பார். எனக்குத் தெரியாது என்று ஆறு ஆண்டுகள் சொன்னேன். மறைக்கிறேன் என்றே ஆறு ஆண்டுகளும் நம்பினார்.

ஆட்சேப சைரன் ஒலிக்கிற நாட்களில் அவரைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். பந்தயம் முடிந்ததும் தோற்றவர்கள் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அப்புறம் சைரன். முதலில் வந்த குதிரை இன்னொன்றை இடித்ததாகப் புகார், முடிவு மாறலாம். உடனே பெரிய மனிதர்கள்கூடத் தரையில் மண்டியிட்டுக் காகிதக் குப்பையில் தங்கள் டிக்கெட்டைத் தேடுவார்கள். ஆட்டோக்கார அண்ணன் ஒருமுறை இரண்டு பாதிகளையும் கண்டுபிடித்து ஒட்டிக்கொண்டு வந்தார். ஆட்சேபம் தள்ளுபடியாகிவிட்டது. "அவனும் இழுத்துட்டான், இவங்களும் இழுத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். விசாரணைப் படத்தை மலிவு டிக்கெட் பகுதித் திரையிலும் போட்டு, இதனால்தான் இந்த முடிவு என்று தமிழில் இரண்டு வரி சொல்லுங்கள் என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை கொடுத்தேன்.

அந்தப் பயிற்சி ஜாக்கி தடை முடிந்து திரும்பி வந்தான். சவாரி இல்லாத மாதங்களில் உடம்பு போட்டுவிட்டது. அதே டிரெய்னர்தான் குதிரை கொடுத்திருந்தார். சேணத்தை மடியில் வைத்துக்கொண்டு அவன் தராசில் உட்கார்ந்தான். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை உட்கார்ந்தான். எழுதியிருந்த எடை 51 கிலோ. முள் 53-ஐத் தாண்டி நின்றது. நான் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். அந்தக் குதிரையில் வேறொரு பையன் ஏறினான்.