ப்யூரா, லிட்டா?

2022 ஆகஸ்டில் மகள் பள்ளியிலிருந்து ஒரு மஞ்சள் தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். மறு வருடம் பத்தாம் வகுப்பு. மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) முடிகிறவரை, மூன்று வருடம் படிக்கப்போகிற ஏழு பாடங்களுக்கு அதில் டிக் போட்டு, பெற்றோர் கையெழுத்துடன் இரண்டு வாரத்தில் திருப்பித் தர வேண்டும். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. எங்கள் திருநெல்வேலியில் பத்தாவது பரீட்சை எழுதி, மார்க் வந்த பிறகுதான் ஃபர்ஸ்ட் குரூப்பா காமர்ஸா என்று வீட்டில் சண்டையே ஆரம்பிக்கும். நாங்கள் இருக்கும் தென்னாப்பிரிக்காவில் ஒன்பதாவது பாதியிலேயே கேட்டுவிடுகிறார்கள்.

ஏழில் நான்கு ஏறக்குறைய முடிவானவை. ஆங்கிலம், இன்னொரு மொழி (டர்பனில் பெரும்பாலும் ஆஃப்ரிகான்ஸ் அல்லது ஜூலு), லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைத் திறன் பாடம், அப்புறம் கணக்கு. கணக்கே வேண்டாம் என்று யாரும் தப்பிக்க முடியாது. ஆனால் எந்தக் கணக்கு என்பதில்தான் விஷயம். ஒன்று மேத்தமேடிக்ஸ், இங்கே எல்லோரும் ‘ப்யூர்’ என்பார்கள். இன்னொன்று மேத்தமேடிக்கல் லிட்டரசி, சுருக்கமாக ‘லிட்’. டெக்னிக்கல் பள்ளிகளில் மட்டும் டெக்னிக்கல் மேத்ஸ் என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. எங்களுக்கு அது சம்பந்தமில்லை.

மகளின் கணக்கு மார்க் 54. பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை ரிப்போர்ட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “அறுபதுக்குக் கீழே என்றால் லிட்தான் நல்லது. பிள்ளைக்கும் டென்ஷன் இல்லை.” வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவருக்கும் இதே வாக்கியம். மெட்ரிக் தேர்ச்சி சதவீதத்தைக் கேட்டில் பேனர் கட்டித் தொங்கவிடுகிற பள்ளி அது. பலவீனமான பிள்ளைகளை லிட்டுக்குத் தள்ளினால் பேனர் அழகாக இருக்கும் என்று அன்று எரிச்சலாக நினைத்தேன். இப்போது யோசித்தால் அந்த அம்மா சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. மறுபாதியைச் சொல்லவில்லை என்பதுதான் என் குறை.

அந்த மறுபாதியைச் சொன்னது பக்கத்து வீட்டு ஆன்ட்டி. டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தமிழ்ப் பெயர்தான், பேச்சு இங்கிலீஷ். ஆன்ட்டியின் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்கள். அவர் பாட்டியிடம் கற்ற தமிழை என்னிடம் மட்டும் எடுத்துப் பேசுவார். அவர் படித்த காலத்தில் லிட் கிடையாது. ஹையர் கிரேடு, ஸ்டாண்டர்டு கிரேடு என்று ஒரே பாடத்துக்கு இரண்டு தட்டு. அந்த ஏற்பாடு 2007 மெட்ரிக்கோடு போய், 2008இலிருந்து இப்போதைய ப்யூர், லிட் பரீட்சை. “என்னை யாரும் கேக்கல கண்ணு. வாத்தியார் பேர் வாசிச்சார், நான் ஸ்டாண்டர்டு. அப்புறம் மருந்துக்கடை படிப்புக்கு அப்ளை பண்ணப்போதான் தெரிஞ்சுது, அது அன்னைக்கே முடிஞ்சுபோச்சுன்னு.” சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்று இரவு உட்கார்ந்து லிட் என்றால் என்ன என்று உண்மையிலேயே பார்த்தேன். அதுவரை அது மக்குப் பிள்ளைகளின் கணக்கு என்றுதான் என் எண்ணம்; ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. கல்வித் துறையின் தளத்தில் பழைய மெட்ரிக் வினாத்தாள்களும் அவற்றின் மெமோவும் (விடைக் குறிப்பை இங்கே மெமோ என்பார்கள்) இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு லிட் பேப்பரை இறக்கினேன். வருமான வரி அட்டவணை, வீட்டின் தரைப்படம், வரைபட அளவுகோல், கடன் வட்டி. ஒரு கேள்வியில் மாநகராட்சித் தண்ணீர் பில். முதல் இத்தனை கிலோலிட்டருக்கு ஒரு விலை, அதற்கு மேல் வேறு விலை, அப்புறம் வாட் வரி. பிளஸ் டூவில் இன்டக்ரேஷன் போட்டவள் நான். அந்த பில்லுக்கு இருபது நிமிடம் எடுத்து, விடையும் தப்பு.

சரி, லிட் மோசமான பாடம் இல்லை. அதை எடுத்தால் எதற்கெல்லாம் போக முடியாது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மகள் சின்ன வயதிலிருந்து என்னவாகப் போகிறேன் என்று சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினோம். மொத்தம் பதினொன்று, அதில் பேக்கரி நடத்துவதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பல்கலைக்கழகங்களின் சேர்க்கை விவரத்தைத் திறந்து பார்த்தேன். அப்போது அவள் முதல் ஆசை மிருக வைத்தியர். அந்தப் படிப்பு இந்த நாட்டிலேயே ஒரே இடத்தில்தான், பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஒன்டர்ஸ்டபூர்ட்டில். அதற்கு ப்யூர். இன்ஜினியரிங், மருத்துவம், ஆடிட்டர் ஆகிற அக்கவுன்டிங் டிகிரி, எல்லாவற்றுக்கும் ப்யூர். பதினொன்றில் ஏழுக்கு லிட் செல்லாது.

இதில் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. மெட்ரிக் மார்க்கை ஏழு நிலைகளாகப் பிரிக்கிறார்கள்: 80க்கு மேல் 7, 70க்கு மேல் 6, இப்படியே இறங்கி 30க்குக் கீழே 1. லிட்டில் 82 எடுத்த பிள்ளைக்கு 7, ப்யூரில் 48 எடுத்த பிள்ளைக்கு 3. சர்டிபிகேட்டைப் பார்த்தால் லிட் பிள்ளைதான் கெட்டிக்காரி. ஆனால் ஒரு டிகிரி ‘கணக்கில் நிலை 5’ என்று கேட்டால் அது ப்யூரின் 5. லிட்டின் 7 அங்கே எண்ணிக்கையிலேயே வராது.

என் வீட்டுக்காரர் வேறு கவலையில் இருந்தார். ப்யூர் பாடத்திட்டத்தைப் படித்துவிட்டு, “என்னது, இன்டக்ரேஷனே இல்லையா? மேட்ரிக்ஸ் எங்கே?” என்று கேட்டார். உண்மைதான். இங்கே மெட்ரிக்கில் டிஃபரன்ஷியேஷனோடு நின்றுவிடும். இன்டக்ரேஷன் வேண்டுமென்றால் ஏபி (அட்வான்ஸ்டு புரோகிராம்) மேத்ஸ் என்று எட்டாவதாக ஒரு பாடம். தனியார் தேர்வு வாரியமான ஐஇபி நடத்துவது. 54 மார்க் வாங்கியவளுக்கு அதைச் சொல்லாதீர்கள் என்று அவரை அடக்கினேன். ஆனால் முடிவுக்கு உதவியது அவர் சொன்ன பஸ் கணக்குதான். ப்யூர் பஸ் பத்தாவது தொடக்கத்தில் ஒரே ஒரு ஸ்டாப்பில்தான் ஆள் ஏற்றும். இறங்க வேண்டுமென்றால் பின்னால் பல ஸ்டாப் இருக்கிறது. ப்யூரிலிருந்து லிட்டுக்கு மாறுகிறவர்கள் பத்தாவது முடிவிலும் பதினொன்றிலும் ஏராளம். லிட்டிலிருந்து ப்யூருக்குப் போனவர் யாரையும் எனக்குத் தெரியாது. ஃபங்ஷன்ஸும் டிரிகோவும் (டிரிகனாமெட்ரி) ஒரு வருடம் நடந்து முடிந்த வகுப்பில் போய் உட்கார்ந்தால் ஒன்றும் புரியாது. ப்யூரில் டிக் போட்டு, கூடவே பிசிக்கல் சயின்ஸ், லைஃப் சயின்ஸ், ஜியாகிரபி என்று எழுதி கையெழுத்துப் போட்டேன்.

2023 மார்ச்சில் முதல் டெஸ்ட். 31.

அழுகை, சாப்பிடாமல் படுப்பது எல்லாம் நடந்தது. பள்ளியிலிருந்து பாடம் மாற்றும் படிவம் வேறு வந்துவிட்டது. பதறிப்போய் மாதம் 900 ரேண்டுக்கு ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்த்தேன். நான் செய்த வீண்செலவு அது. ஸ்டேஜ் 6 லோட்ஷெட்டிங் நடந்த வருடம். வகுப்பு நேரத்தில் கரன்ட் இருந்தால் அதிசயம்.

ஒரு சாயங்காலம் கரன்ட் போன நேரத்தில், சார்ஜ் லைட்டை வைத்துக்கொண்டு அந்த விடைத்தாளை நானும் அவளும் வரி வரியாகப் பார்த்தோம். மார்க் எதற்குப் போனது என்று மட்டும் ஓரத்தில் எழுதினோம். ஒரு கேள்வி: எக்ஸ் ஸ்கொயர் = 5 எக்ஸ். இரண்டு பக்கமும் எக்ஸால் வகுத்து, எக்ஸ் = 5 என்று முடித்துவிட்டாள். பூஜ்யம் என்ற இன்னொரு விடை காணாமல் போய்விட்டது. அடுத்தது, (எக்ஸ் − 3)² என்பதற்கு எக்ஸ் ஸ்கொயர் − 9. நடுவில் வர வேண்டிய −6 எக்ஸைக் காணோம், பிளஸ் 9 மைனஸாகியிருந்தது. அப்புறம் மைனஸுக்குப் பின்னால் அடைப்பைத் திறக்கும்போது குறி மாற்ற மறப்பது, பின்னங்களைக் கூட்டும்போது கீழே இருப்பதையும் கூட்டுவது. எண்ணிப் பார்த்தோம். இழந்த மார்க்கில் முக்கால்வாசி எட்டாவது, ஒன்பதாவது பாடம். பத்தாவது புதுப் பாடத்தில் அவள் விட்டது கொஞ்சம்தான். எட்டாவது பாதியும் ஒன்பதாவது தொடக்கமும் கொரோனாவில் போன பிள்ளைகள் இவர்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆன்லைன் வகுப்பை நிறுத்தினேன். ஆன்ட்டியின் தங்கை மகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன், சனிக்கிழமை காலை வந்தான். பதினோரு வாரம் அடைப்பு, பின்னம், காரணிப்படுத்துதல் தவிர வேறொன்றும் சொல்லித்தரக் கூடாது என்று கண்டிஷன். மகளுக்கு அவமானமாக இருந்தது. தம்பியின் புத்தகத்திலேயே கணக்குப் போட வேண்டியிருந்தது. ஜூனில் 47.

டிரிகோ வந்தபோது முதல்முறையாக அவளுக்கே ஒரு பிடிப்பு வந்தது. கோவிலில் ஒரு வெள்ளிக்கிழமை, கொடிமரம் எத்தனை உயரம் என்று தம்பியோடு பந்தயம். காலடியால் 12 மீட்டர் அளந்து நின்றாள், போனில் கோணம் பார்த்தால் 38 டிகிரி. பையிலிருந்து கேசியோ 82 இசட்ஏ கால்குலேட்டரை எடுத்து டேன் 38ஐப் பன்னிரண்டால் பெருக்கினாள். 3.7 மீட்டர். தன் கண் உயரம் 1.4ஐக் கூட்டினாலும் 5.1தான். கொடிமரமோ பக்கத்து மண்டபத்துக் கூரையைத் தாண்டி நிற்கிறது. தம்பி சிரித்தே விழுந்துவிட்டான். அப்புறம் பார்த்தால் கால்குலேட்டர் திரையின் மேலே டிகிரிக்கான டி இருக்க வேண்டிய இடத்தில் ஆர் என்று நிற்கிறது, ரேடியன் என்ற வேறு கோண அளவில் கிடக்கிறது. மாற்றிப் போட்டாள்: 9.4, கூட்டினால் 10.8. அர்ச்சகர் வந்து விபூதி கொடுத்துவிட்டு, என்ன தொலைந்துபோனது என்று கேட்டார்.

பத்தாவது முடிவில் 53. பதினொன்றுதான் உண்மையில் கஷ்டமான வருடம். மெட்ரிக்கை நினைத்துப் பயப்படுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. வட்டத் தேற்றங்கள், சைன் ரூல், கோசைன் ரூல், டிரிகோ முற்றொருமைகள், இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள் எல்லாம் ஒரே வருடத்தில் வந்து விழும். அதே வருட இறுதி மார்க்கை வைத்துத்தான் பல்கலைக்கழகங்கள் முதலில் தற்காலிக இடம் தருகின்றன, மெட்ரிக் ரிசல்ட் வருவதற்கு வெகுமுன்பே. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, அந்த சனிக்கிழமைப் பையன்தான் சொன்னான். ஜூனில் 44 வந்தபோது மறுபடியும் லிட் படிவம் வந்தது. அவளே அதை மடித்து ஜியாகிரபி நோட்டில் புத்தக அடையாளமாக வைத்துக்கொண்டாள். வருட முடிவில் 61.

இந்த வருடம் மெட்ரிக். கால்குலஸ் எனக்குத்தான் பயம், அவளுக்கு இல்லை. முதல் பேப்பரின் 150இல் அதற்கு 35, ஃபங்ஷன்ஸுக்கு 35. இரண்டும் அவளுக்குக் கை வந்தவை. இரண்டாவது பேப்பரில் ஜியோமெட்ரி ரைடர் (தேற்றங்களை வைத்து நிரூபிக்கிற கணக்கு) ஒவ்வொன்றும் இன்னமும் சண்டைதான். மிருக வைத்தியர் ஆசை எப்போதோ போய்விட்டது. சைன் ரூல் படித்த பிறகு நில அளவை என்கிறாள். டர்பன் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பம் சிஏஓ என்ற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாகப் போயாயிற்று. ட்ரயல்ஸ் (மெட்ரிக்குக்கு முந்தைய பள்ளித் தேர்வு) நடக்கிறது. மேசையெல்லாம் பழைய பேப்பரும் மெமோவும்.

அதே மேசையில் இன்னொரு மஞ்சள் தாள். சின்னவன் ஒன்பதாவது. அவனுக்குக் கணக்கில் 71 வருகிறது, ஆனால் ஹாஸ்பிட்டாலிட்டி எடுத்து செஃப் ஆக வேண்டும் என்று ஏழாவதிலிருந்து ஒரே பிடிவாதம். லிட் கட்டத்தில் பென்சிலால் டிக் போட்டு வைத்திருக்கிறான். இவர் இரண்டு நாளாகப் பேசவில்லை. நான் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: ஒரு லிட் பேப்பர், ஒரு பத்தாவது ப்யூர் பேப்பர், இரண்டையும் உட்கார்ந்து போட்டுக் காட்டு, அப்புறம் பேசலாம். ப்யூர் நாளைக்கு. லிட் பேப்பரை இன்று மத்தியானம் முடித்தான். தண்ணீர் பில்லுக்கு அவனுக்கு ஆறு நிமிடம்தான் ஆனது. விடையும் சரி.