மாகாண சபை உறுப்பினர் வேலை: திருகோணமலையில் இருந்து பார்த்தால்

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துக்குக் கிழக்கு மாகாண சபையில் 10 ஆசனம். மட்டக்களப்புக்கு 11, அம்பாறைக்கு 14, கூட வென்ற கட்சிக்கு ரெண்டு போனஸ், மொத்தம் 37. 2008, 2012 இரண்டு தேர்தலும் இந்தக் கணக்கில்தான் நடந்தது.

2017 வரை இருந்த முறையில், 10 ஆசனத்துக்கு ஒரு கட்சி 13 பேரை நிறுத்தும். வாக்காளர் கட்சிக்கு ஒரு புள்ளடி போட்டுவிட்டு, அதே பட்டியலில் மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்குப் போடலாம். அதனால் மாற்றுக் கட்சிக்காரனைவிடப் பக்கத்தில் நிற்கிற சொந்தக் கட்சிக்காரன்தான் போட்டி. முதல் விருப்பு எப்படியும் ஊர்க்காரனுக்கு, உறவுக்காரனுக்குப் போய்விடும். விசயம் தெரிந்தவர் குச்சவெளி, வெருகல் என்று மாவட்டத்தின் இரண்டு கோடிக்கும் போய், "மிச்ச ரெண்டில ஒண்ட எனக்குத் தாங்கோ" என்றுதான் கேட்பார்.

வென்று, திருகோணமலை உட்துறைமுக வீதியில் இருக்கிற சபைக்குள் போனால், முதலமைச்சரோடு சேர்த்து அமைச்சர்கள் ஐந்து பேருக்கு மேல் இருக்க முடியாது. மற்றவர்களுக்குப் பிரேரணையும் கேள்வியும்தான். நியதிச்சட்டம், அதாவது மாகாண சபை இயற்றும் சட்டம், கொண்டுவரலாமே என்றால், வரியோ மாகாண நிதியோ சம்பந்தப்பட்டதை ஆளுநரின் சிபாரிசு இல்லாமல் சபையில் வைக்கவே முடியாது. 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம் அப்படி. காசு தொடாத சட்டம் எத்தனை இருக்கும்? நிறைவேறினாலும் ஆளுநர் ஒருமுறை திருப்பி அனுப்பலாம். இரண்டாம் முறையும் நிறைவேறினால், ஆளுநர் அதைச் சனாதிபதி ஊடாக உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பவும் வழி உண்டு.

ஆகவே சபை இயங்கிய காலத்தில் உறுப்பினரின் உண்மையான வேலை கோப்புக்குப் பின்னால் திரிவது. வீதி போட்டுத் தரச் சொல்லி மனு வந்தால், தலையாட்ட முதல் அது என்ன வகுப்பு வீதி என்று கேட்க வேண்டும். ஏ, பி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, அதாவது மத்திய அரசு. சி, டி என்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். உள் ஒழுங்கை பிரதேச சபைக்கு. கட்டடம் என்றால் காணி யாருடையது என்ற கடிதம் முதலில் கைக்கு வர வேண்டும். அரச காணியானால் பிரதேச செயலாளரைப் பிடிக்க வேண்டும். இது தெரியாமல் சபையில் முழங்கினால் பேப்பரில் படம் வரும், வேலை வராது. தேசியப் பாடசாலை, துறைமுகம், மகாவலித் தண்ணீர் எல்லாம் மத்தியின் கையில்.

காசு வரும் விதம் இன்னும் மோசம். மத்தி மாகாணத்துக்கு மொத்தமாகத் தரும் தொகுதிக் கொடையில் பெரும்பகுதி சம்பளத்துக்கே சரி. உறுப்பினரின் சிறு வேலைகள், அபிவிருத்திக்கென்று மத்தி தரும் பிரமாண அடிப்படை நன்கொடையில் ஒட்டிக்கொண்டுதான் நடக்கும். சனவரியில் பட்டியல் கொடுத்து, மதிப்பீடு செய்து, அனுமதி எடுத்து, கேள்விப்பத்திரம் கோரி முடிய ஆவணி புரட்டாசி ஆகிவிடும். திறைசேரியில் இருந்து கட்டுநிதி (செலவுக்கு விடும் காசு) பிந்தினால் ஒப்பந்தகாரர் கல்லுப் பறிக்கமாட்டார். ஐப்பசியில் எங்கள் பக்கம் மாரி தொடங்கிவிடும்; ஈரத்தில் தார் ஒட்டாது. டிசம்பர் 31 கணக்கு மூடுகிற நாள். வேலை அரைகுறை என்றால் மிச்சம் அடுத்த வருசக் காசைத் தின்னும். அனுபவசாலிகள் அதனால்தான் மழைக்கு முதல் முடியக்கூடிய சின்ன வேலைகளைப் பட்டியலின் மேலே போடுவார்கள்: தளபாடம், குழாய்க்கிணறு, கூரைத் திருத்தம்.

ஏணி என்று பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறி இறங்கலாம். இம்ரான் மஹ்ரூப் 2012இல் மாகாண சபைக்கு வந்து 2015இல் பாராளுமன்றம் போனார். நஜீப் அப்துல் மஜீத் பாராளுமன்றத்தில் இருந்துவிட்டுப் பிறகு 2012இல் முதலமைச்சரானார். ஒரே நேரத்தில் இரண்டிலும் இருக்க முடியாது. அந்தப் பழைய முறையில், ஒருவர் விலகினால் அதே பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்தவர் உள்ளே வருவார். தோற்றவர்கள் முழுசாக ஓய்வதில்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் 2017 செப்டெம்பர் 30 அன்று சபையின் காலம் முடிந்தது. அதே மாதம் தேர்தல் முறையைக் கலப்புக்கு, அதாவது தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்ததற்கு, மாற்றிச் சட்டம் வந்தது. 2018 ஆகஸ்டில் புதுத் தொகுதிகளின் எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்துக்குப் போனபோது, கொண்டுவந்தவர்கள் உட்பட ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. பழைய முறையும் இல்லை, புதியதும் நடைமுறைக்கு வரவில்லை; தேர்தல் தள்ளிப்போனது. அதற்குப் பிறகு மாகாணக் கோப்புகளில் கையெழுத்து ஆளுநருடையது. மனுவோடு வருகிறவர்கள் ஆளுநர் அலுவலகம் இருக்கிற உவர்மலைப் பக்கம் போகிறார்கள்.