டொராண்டோ இல்லை, பிரின்ஸ் ஜார்ஜ்

அக்கா மகள் கனடாவில் படிக்கிறாள் என்றதும் சேலம் அஸ்தம்பட்டியில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "டொராண்டோவா, வான்கூவரா?" பிரின்ஸ் ஜார்ஜ் என்றால் முகம் சுருங்கிவிடுகிறது. பாவம், ஏதோ டுபாக்கூர் காலேஜில் பணத்தைக் கட்டி ஏமாந்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள் போல. நாலு பேர் இப்படிக் கேட்டதும் அக்காவுக்கே பயம் வந்துவிட்டது. சரி, என்னதான் அந்த யூனிவர்சிட்டி என்று அவளுக்காகத் தேடிப் படித்தேன்.

வடக்கு பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம். (பிரிட்டிஷ் கொலம்பியா என்பது வான்கூவர் இருக்கும் மாகாணம்.) சின்னதுதான், ஆனால் அரசுப் பல்கலைக்கழகம். வான்கூவரிலிருந்து சாலை வழியே கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர் வடக்கே, மர மில்களும் காகிதக்கூழ் ஆலைகளும் உள்ள ஊர். முன்பெல்லாம் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டுமானால் தெற்கே போயாக வேண்டும். போனவர்களில் பலர் அங்கேயே தங்கிவிடுவார்கள். ஊர்க்காரர்கள் 16,000 பேர் சேர்ந்து, எங்களுக்கும் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வெறும் கையெழுத்து இல்லை, ஆளுக்கு 5 டாலர் கொடுத்து! 1990இல் சட்டம் வந்தது. 1994இல் எலிசபெத் ராணி வந்து, குன்றின் மேல் கட்டிய வளாகத்தைத் திறந்துவைத்தார்.

அந்த 5 டாலர் எனக்குப் புரிகிறது. நான் ஏற்காடு மலையில் இருக்கும் நாகலூர்க்காரி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோரிமேடு அரசு மகளிர் கல்லூரியில் படித்தேன். காலை பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரம் தாண்டினால் கல்லூரி வாசல். சாயந்திரம் பஸ்ஸை விட்டால் அக்கா வீடு. படித்ததெல்லாம் சேலத்தில், பட்டத்தில் மட்டும் மெட்ராஸ் யூனிவர்சிட்டி. ஒரு சான்றிதழ் அவசரமாகத் தேவைப்பட்டபோது அப்பா ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் மெட்ராஸ் போய்த்தான் வாங்கி வந்தார். (பெயர்தான் ஏற்காடு, அந்த ரயில் மலைக்கு வராது. வெளியூர்க்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள்.) மேலே எம்.ஏ. படிக்கிற பேச்சு வீட்டில் எழவே இல்லை. அதற்கும் வெளியூரில் ஹாஸ்டல் வேண்டுமே.

1997இல் கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகம் வந்தது. இன்றைக்கு சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கு மாவட்டங்களுக்கும் அதுதான். தருமபுரிக்காரர்கள் சேலம்வரை வர வேண்டாமென்று பைசுஅள்ளியில் ஒரு முதுநிலை மையமும் உண்டு. உள்ளூர் யூனிவர்சிட்டிதானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள், ஓமலூர் பக்கத்து அப்பா ஒருவர் மகளை எம்.எஸ்சி. சேர்ப்பதற்கு முன் என்ன கேட்பார் என்று யோசிக்க வேண்டும். தரவரிசை எல்லாம் அப்புறம். "சாயந்திரம் வீட்டுக்கு வந்துடுவியா?" அதுதான் முதல் கேள்வி.

பிரின்ஸ் ஜார்ஜ்காரர்கள் பல்கலைக்கழகத்தோடு நிறுத்தவில்லை. 2000இல் டாக்டர் பற்றாக்குறையைக் கண்டித்து ஆயிரக்கணக்கானோர் ஒன்றுகூடினார்கள். 2004 முதல், தெற்கே இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மருத்துவப் படிப்பே அங்கே நடக்கிறது. வடக்கிலேயே படித்துப் பழகிய டாக்டர் வடக்கிலேயே தங்குவார் என்பது கணக்கு. இது எனக்கு ரொம்பப் பிடித்தது. மலையில் இருப்பவர்களுக்கு ராத்திரி பெரியாஸ்பத்திரிக்கு இறங்குவது என்றால் என்னவென்று தெரியும்.

அக்காவிடம் இவ்வளவையும் சொன்னேன். ராணி வந்து திறந்தது என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள். இப்போது அஸ்தம்பட்டியில் யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்கிறாள், கேட்கிறவர்களும் சமாதானமாகிவிடுகிறார்கள். ஊர்ப் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகக் கூடாதென்று கட்டிய இடத்தில் படிக்கத்தான் நம் பிள்ளை ஊரைவிட்டுப் போயிருக்கிறாள் என்பதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அங்கே குளிர் மைனஸ் 30 வரை போகும் என்று கேள்விப்பட்டதிலிருந்தே அக்காவுக்குத் தூக்கம் சரியில்லை.