தங்கைக்கு ஆறாம் மாதம், வீடு கிடைத்துவிட்டது

பொங்கல் விடுமுறைக்குக் குழந்தைகளும் பெரியவர்களுமாகப் பதினான்கு பேர் கிளம்புகிறோம். தங்கைக்கு ஆறாம் மாதம். பிள்ளைகள் கொல்லிமலை என்று ஆசைப்பட்டார்கள். 70 கொண்டை ஊசி வளைவு. அவளுக்கு இப்போதுதான் வாந்தி நின்றிருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ். அதை எடுத்துவிடலாம், ஆனால் மலை மலைதானே.

அப்புறம் தரங்கம்பாடி என்று முடிவானது. டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை, எதிரே கடல், வழியெல்லாம் சமதரை. அவசரம் என்றால் காரைக்கால் பக்கம்தான்.

இத்தனை பேருக்குத் தனித்தனி ரூமைவிட முழு வீடுதான் வசதி. நான்கு பெட்ரூம் என்று போட்டிருப்பார்கள், விசாரித்தால் எல்லாமே மாடியில் இருக்கும். அதனால் முதலில் கேட்டது, கீழ் ரூமிலேயே வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, பாத்ரூம் தரை வழுக்குமா என்றுதான். ஒரு வீட்டின் ஓனரம்மா பாத்ரூமில் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலோடு நடந்து, அதை வீடியோவாக வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "என் மகளுக்கும் அஞ்சு மாசம்மா, குளிக்க உட்கார ஒரு ஸ்டூலும் போட்டு வைக்கிறேன்" என்றார். மனது நிறைந்துவிட்டது. டாக்டர் பயணம் வேண்டாமென்றால் பணம் முழுதும் திரும்ப வரும் என்று எழுதியும் அனுப்பினார். உடனே அட்வான்ஸ் போட்டுவிட்டேன்.

வேன் மட்டும் பாக்கி. மெதுவாக, பொறுமையாக ஓட்டும் டிரைவர் யாரையாவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.