தலைகீழாக வெட்டிய எழுத்து

அப்பா நாற்பது வருஷம் வேலூர் லாங்கு பஜாரில் பாத்திரத்துக்குப் பேர் வெட்டியவர். மெஷின் வந்த பிறகும் சின்ன உளியையும் சுத்தியையும் விடவில்லை. அதனால்தான் இந்தப் படங்களை முதலில் அவரிடம் காட்டத் தோன்றியது.

வத்திக்கானின் பியோ கிளமெண்டினோ மியூசியத்தை 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வின்சென்சோ ஃபியோலி செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்ட காட்சிகள். 1771-ல் போப் பதினான்காம் கிளமெண்ட் தொடங்கி, ஆறாம் பயஸ் பெரிதாக்கிய மியூசியம். கிரேக்க, ரோமச் சிலைகள் வரிசையாக நிற்கும் கூடங்கள். பலகணிகள், தூண்கள், மேலே குவிமாடம்.

"இன்னாடா, போட்டோவா?" என்றார். கோடு என்றேன். டேப்லெட்டில் பெரிதாக்கினதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கறுப்பைப் பூசி நிழல் கொண்டுவரவில்லை. நிழல் விழும் இடத்தில் கோடுகள் நெருங்குகின்றன, வெளிச்சத்தில் விலகுகின்றன. தூணின் வளைவில் கோடும் வளைகிறது. "மெலிசா ஆரம்பிச்சி, நடுவுல தடிச்சி, திரும்ப மெலிசாவுது. தட்டலடா இவன், தள்ளினு போயிருக்கான்" என்றார். சரியாகச் சொன்னார். செப்புத் தகட்டை வெட்டும் உளியை உள்ளங்கையில் வைத்துத் தள்ளுவார்கள். வளைவு வந்தால் கையைத் திருப்பாமல், தோல் மெத்தைமேல் வைத்த தகட்டைத் திருப்புவார்கள். (கூடவே அமிலத்தால் அரிக்க வைக்கும் முறையும் உண்டு.) வெட்டிய பள்ளத்தில் மை தேய்த்து, மேல் மையைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்தினால் பள்ளத்து மை தாளில் ஏறும்.

அந்த மியூசியத்தில், பாம்புகள் சுற்றிக்கொண்ட மனிதனாக நிற்கும் லாவோகூன் சிலைக்கு அன்று வலது கை மேலே நீண்டிருந்தது. அது பிற்காலத்தில் சேர்த்த கை. அசல் கை மடங்கியது, 1906-ல்தான் கிடைத்தது. போப்போடு செய்த 1797 ஒப்பந்தப்படி பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சிலையையும் பாரீசுக்கு எடுத்துப் போனார்கள். நெப்போலியன் வீழ்ந்த பிறகே திரும்பியது.

அப்பா சிலைகளைவிட்டு, படத்தின் அடியில் இருந்த எழுத்தில் நின்றுவிட்டார். தாளில் நேராக வர, தகட்டில் எல்லாமே திருப்பி வெட்டியிருக்க வேண்டும். வெகுநேரம் பேசவில்லை.

மறுநாள் பழைய தாம்பாளத்தின் பின்புறம் அம்மா பேரைத் திருப்பி வெட்டினார். 'செல்வி'. விளக்குக்கரியும் எண்ணெயும் குழைத்துத் தேய்த்து, நனைத்த தாளை விரலால் அழுத்தினார். மங்கலாக வந்தது. பழக்கத்தில் கொம்பை மட்டும் இடப்பக்கமே வெட்டியிருந்தார். தாளில் அது சகரத்துக்குப் பின்னால் விழுந்தது. அம்மா அந்தத் தாளைக் காயவைத்துக் காலண்டருக்குப் பின்னால் செருகியிருக்கிறாள். அப்பா இன்னொரு தாம்பாளம் தேடுகிறார்.