மூச்சு எடுக்கிற இடம்

சர்ச் கொயர்ல, அதான் பாடகர் குழுவுல, பாடுறேன்னு சொன்னா எல்லாரும் கிறிஸ்மஸைப் பத்திதான் கேக்குறாங்க. கேரல் ரவுண்ட்ஸ்னு ராத்திரி முழுக்க வீடு வீடா போறது, விடியக்காலை ஆராதனை, ஒரே மாதிரி சேலை. சந்தோஷம்தான், இல்லேங்கல. ஆனா பெரிய வெள்ளிக்கிழமை 12 மணியிலிருந்து 3 மணி வரைக்கும், இயேசு சிலுவையில சொன்ன ஏழு வார்த்தைக்கும் நடுவுல தொண்டை காய காய பாடிட்டு, ஞாயித்துக்கிழமை இருட்டோட எந்திரிச்சு ஈஸ்டருக்கு ஓடுவோமே, அதையும், சாவு வீட்டையும் யாரும் கேக்குறதில்ல.

போன மாசம் ஒரு செவ்வாக்கிழமை வாட்ஸப்ல மெசேஜ், மூணரைக்கு அடக்க ஆராதனைன்னு. ஆபீஸ்ல பெர்மிஷன் போட்டுட்டு ஓடினேன். மொத்தமே ஏழு பேர்தான், பேஸுக்கு, அதாவது ஆம்பளைங்க கீழ்க்குரலுக்கு, ஒரே ஒரு அண்ணன். இறந்தது எங்ககூட முப்பது வருஷமா சோப்ரானோ, அதான் பொம்பளைங்க மேல்குரல், பாடின அத்தை. கீபோர்டு கிடையாது, ஐயர், அதான் எங்க சபைப் போதகர், ஜெபம் முடிச்சதும் கொயர் மாஸ்டர் மெதுவா நோட் குடுத்தாரு, சவப்பெட்டி பக்கத்துலயே நின்னு பாமாலை, அதாவது மேல்நாட்டு மெட்டுல இருக்கிற ஞானப்பாட்டு, ஆரம்பிச்சோம்.

கொயர்ல சேந்ததும் கத்துக்கிற ஒரு விஷயம், நீளமான நோட்ல எல்லாரும் ஒண்ணா மூச்சு எடுக்கக்கூடாது, பக்கத்துல நிக்கிறவ எடுக்கும்போது நான் பிடிச்சிருக்கணும், நான் எடுக்கும்போது அவ. அப்பதான் கேக்குறவங்களுக்கு பாட்டு அறுபடாது. அன்னைக்கு அழுகைக்கும் அதான் உதவிச்சு, ரெண்டாவது சரணத்துல எனக்கு குரல் போயிருச்சு, பக்கத்துல இருந்த அக்கா ஆல்ட்டோவை, எங்க ரெண்டு பேரோட கீழ்க்குரலை, ஒத்தையா தாங்கினா, அடுத்த வரில நான் வந்துட்டேன், அவ அழுதா. பாட்டு நிக்கல.

நம்ம தமிழ் மெட்டுல வர்ற கீர்த்தனைக்கு பார்ட் எல்லாம் கிடையாது, 1774ல எங்க திருநெல்வேலில பிறந்த வேதநாயக சாஸ்திரியார் பாட்டுன்னா ஒரே குரலா பல்லவி எடுத்துக் குடுத்தா போதும், சபையே பாடிரும். பாமாலைதான் நாலு குரல்ல பிரியும், ஒரு குரல் விழுந்தாலும் தெரியும்.

அத்தையோட பாட்டு நோட்டுப் புத்தகத்தை அவங்க மக எங்ககிட்ட குடுத்துட்டா. முழுக்க சோல்ஃபா, ஸ்வரத்தை எழுத்துல எழுதுறது, 1840கள்ல இங்கிலாந்துல ஜான் கர்வன்ங்கிற போதகர் பரப்பின முறை, எழுத்தும் புள்ளியும் கோடுமா இருக்கும், நம்மூர் கொயர்கள்ல பழைய ஆளுங்க அதைத்தான் வாசிப்பாங்க. இப்ப அந்த நோட்டு புதுசா சோப்ரானோல சேந்த காலேஜ் பிள்ளைகிட்ட இருக்கு. வெள்ளிக்கிழமை பிராக்டிஸ்ல, "அக்கா, இந்த பென்சில் டிக் எல்லாம் என்னது?"ன்னு கேட்டா.

அத்தை மூச்சு எடுத்த இடம்மான்னேன்.