கோப முகத்துக்கு ஐந்து மடங்கு

முகநூலில் லைக் பொத்தான் வந்தது 2009-ல். கோபம், சிரிப்பு, சோகம் எல்லாம் முகங்களாகச் சேர்ந்தது 2016-ல். அடுத்த ஆண்டிலிருந்து, கோப முகம் உட்பட அந்தப் புது முகங்கள் ஒவ்வொன்றுக்கும் லைக்கைவிட ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்துத்தான் எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று கணக்குப் போட்டார்கள். இது 2021-ல் வெளியான அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களில் இருக்கிறது. கோபத்துக்கான மதிப்பைப் பூஜ்ஜியமாக்கியது 2020-ல்தான்.

யோசித்துப் பாருங்கள். நிதானமாக நாலு பத்தி எழுதியவரை யாரும் பார்ப்பதில்லை. ஒரே வரியில் ஒருவரைத் திட்டியவருக்குக் கூட்டம் சேர்கிறது. அப்புறம் நிதானமானவரும் மெல்லக் குரலை உயர்த்தப் பழகிவிடுகிறார். இதுதான் எனக்கு வலிக்கிறது. நன்றாக எழுதிக்கொண்டிருந்த பலர் இப்படி மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

கவனம் கிடைக்க வேண்டும் என்று நினைப்பதில் தவறே இல்லை. கேட்க ஆள் இல்லாமல் யார் பேசுவார்கள்? ஆனால் எதிர்த்துப் பேசுபவரின் வாதத்தை முழுதாகப் படித்து, "இந்த இடம் சரி, அந்த இடத்தில் உடன்பாடில்லை" என்று எழுதுபவர்களைத்தான் நான் தேடிப் போய்ப் படிக்கிறேன். அவர்களுக்கு லைக் மட்டும் போட்டுவிட்டு நகராமல், இரண்டு வரியாவது பதில் எழுதுங்கள். இந்தப் பதிவில் மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள், படித்துப் பதில் சொல்கிறேன்.